கரையோடு முடியும் கதை: பழைய இராமநாதபுரத்துப் புலம்பெயர்வின் ஆவணமும் திரையும் – நரிக்குடி வட்டாரத்திலிருந்து ஒரு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

இலங்கை, பர்மா, மலாயா ஆகிய நாடுகளுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களின் வரலாற்றைக் காப்பகங்களும் திரைப்படங்களும் எவ்வாறு பேணியுள்ளன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து புறப்பட்ட வணிகர்களும் கூலிகளும் இருவேறு ஆவண மரபுகளை விட்டுச் சென்றனர். வணிகர் தம் கணக்கைத் தாமே எழுதினர். கூலியைப் பற்றிப் பிறர் எழுதினர். இவ்வேறுபாட்டைத் திரைப்படமும் சரிசெய்யவில்லை. ‘சாங் ஆஃப் சிலோன்’ (1934), ‘பராசக்தி’ (1952), ‘பரதேசி’ (2013), ‘இங்கிருந்து’ (2013) ஆகிய நான்கு படங்களையும், நூலகம் நிறுவனம், கம்பளைப் பகுதியின் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆகிய முயற்சிகளையும் முன்வைத்து, புறப்பட்ட ஊர் இவற்றில் எங்ஙனம் விடுபடுகிறது என்பது ஆராயப்படுகிறது. அவ்வூரை மீண்டும் எழுதுவதில் உள்ள அரசியல் இடரும் கணக்கில் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: புலம்பெயர்வு, மலையகத் தமிழர், தாயகம் திரும்பியோர், ஆவணக் காப்பகம், ஆவணப்படம், நரிக்குடி, இராமநாதபுரம்.

1. முன்னுரை

நரிக்குடி இன்று விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், திருச்சுழி வட்டத்தில் அமைந்துள்ளது. 1985இல் விருதுநகர் தனி மாவட்டமாகும்வரை இப்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டமோ 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளை இணைத்து உருவாக்கப்பட்டது. கண்மாய் நிறைந்தால் நெல்லும், நிறையாவிட்டால் மானாவாரியாகப் பருத்தியும் சிறுதானியமும் மிளகாயும் என்று வானத்தின் போக்கில் வாழ்ந்த நிலம் இது. குண்டாறு ஆற்றுப்படுகையாயினும் ஆற்றில் நீரோடும் நாட்கள் சிலவே. மழை பொய்த்த ஆண்டுகளில் கிழக்கே கடலை நோக்கிச் செல்வது இந்நிலத்து மக்களின் பழைய வழிகளுள் ஒன்று.

இராமேசுவரத்துக்குச் செல்லும் யாத்திரிகர்களுக்காக அமைந்த, மருது சகோதரர் பெயரோடு வழங்கும் சத்திரம் ஒன்று நரிக்குடியில் உண்டு. யாத்திரிகர் தங்கிய இடம் கல்லாலும் சுதையாலும் நினைவுகூரப்படுகிறது. கூலிகளாகக் கடல் கடந்தோர் கரைக்கு நடந்த வழிகளில் இரவு தங்கிய மரத்தடிகளுக்கு அத்தகைய அடையாளம் எதுவும் இல்லை. இவ்வேறுபாடு கட்டடங்களோடு நிற்பதன்று. எவருடைய பயணம் ஆவணமாகிறது, எவருடைய பயணம் ஆவணமாவதில்லை என்னும் வினாவை இது எழுப்புகிறது.

புலம்பெயர்ந்தோர் வரலாற்றைப் பேணுதல் குறித்த அண்மைக் காலப் பேச்சு பெரும்பாலும் இரண்டு கருவிகளைச் சார்ந்துள்ளது. ஒன்று எண்ணிம ஆவணக் காப்பகம், மற்றொன்று திரைப்படம். காப்பகம் தாளைக் காக்கும், திரைப்படம் முகத்தையும் குரலையும் காக்கும், இரண்டும் சேர்ந்தால் வரலாறு முழுமையாகும் என்பது இப்பேச்சின் அடிப்படை நம்பிக்கை. அந்நம்பிக்கையை இக்கட்டுரை ஐயுறுகிறது. இரு கருவிகளும் ஒரே இடத்தில் குருடாக இருக்கக்கூடும் என்பதும், அவ்விடம் புறப்பட்ட ஊரே என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

2. ஒரே மாவட்டம், இரு ஆவண மரபுகள்

பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து கடல் கடந்தோரை ஒரே தொகுதியாகக் கருத இயலாது. மாவட்டத்தின் வடபகுதியான செட்டிநாட்டிலிருந்து நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முதலோடும் முகவர்களோடும் சென்றனர். 1930களின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விளைநிலம் அவர்கள் கைக்கு வந்திருந்தது. அவர்களுடைய தொழிலே எழுத்தால் நடந்தது. பேரேடு, உண்டியல், முகவருக்கு எழுதிய கடிதம், திருமணச் சீர் பட்டியல், நகரக் கோயில் கணக்கு என ஒவ்வோர் உறவும் தாளில் பதிந்தது. டேவிட் வெஸ்ட் ரட்னர் 1994இல் வெளியிட்ட செட்டியார் வணிகம் குறித்த ஆய்வு சாத்தியமானதற்கு இவ்வெழுத்து மரபும் ஒரு காரணம்.

தமிழின் இரு பெரும் ஆவண முயற்சிகள் கோட்டையூர் என்னும் ஒரே செட்டிநாட்டு ஊரோடு தொடர்புடையவை என்பது தற்செயல் அன்று. ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் அவர் மறைவுக்குப்பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அதே ஊரினரான ஏ.கே. செட்டியார் (1911–1983), ரங்கூனிலிருந்து வெளிவந்த ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக இருந்தவர். பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் பயணம் செய்து காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடித் திரட்டி, 1940 ஆகஸ்டில் தமிழில் ஆவணப்படமாக வெளியிட்டார். கடல் கடந்த வணிகச் சமூகத்தின் தொடர்புகளும் பயணப் பழக்கமும் இல்லாமல் இத்தகைய முயற்சி எளிதில் உருவாகியிருக்காது.

அதே மாவட்டத்தின் தெற்கும் மேற்கும், அதாவது திருச்சுழி, நரிக்குடி, கமுதி, முதுகுளத்தூர் போன்ற வறண்ட பகுதிகள், உழைப்பைத் தவிர வேறு முதல் இல்லாதவை. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களாகத் திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டைச் சமஸ்தானம் ஆகியவற்றோடு இராமநாதபுரமும் குறிக்கப்படுகிறது. சென்றவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஒடுக்கப்பட்ட சாதியினர் பெரும்பகுதியினர். அவர்கள் எழுதிய பேரேடு எதுவும் இல்லை. அவர்கள் பெயர் இடம்பெற்ற பேரேடுகளோ கங்காணியுடையவை, தோட்டத்துடையவை, முகாமுடையவை. ஆகவே ‘ஆவணம் அழிந்துவிட்டது’ என்று இங்குக் கூறுவது பொருந்தாது. ஆவணம் இருந்தது, அது அவர்களுக்காக எழுதப்படவில்லை என்பதே சரியான கூற்று.

3. துண்டும் தகரச் சீட்டும்: ஆளைக் குறிக்காத ஆவணங்கள்

தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் இரண்டு ஆவண வகைகள் தனிக் கவனத்துக்குரியவை. முதலாவது ‘துண்டு’. தொழிலாளியின் கடனைக் குறித்து, அக்கடனைத் தீர்ப்பவர் அவரை அழைத்துச் செல்லலாம் என்று தோட்ட நிர்வாகம் தந்த சீட்டு அது. துண்டு கைமாறும்போது கடன் கைமாறியது. கடனோடு ஆளும் கைமாறினார். 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இரண்டாவது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்த ‘தகரச் சீட்டு’. சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த உலோக வில்லை அது. வழியில் முகாம்களிலும் இரயிலிலும் கப்பலிலும் ஆன செலவு அவ்வெண்ணின்படி தோட்டத்தின் கணக்கில் ஏறியது. அத்தோட்டம் அதைத் தொழிலாளியின் கடனாக எழுதிக்கொள்ள முடிந்தது.

ஆவணவியல் நோக்கில் இவ்விரண்டும் ஒரு பண்பில் ஒன்றுகின்றன. இவற்றில் முதன்மையாகப் பதிவாவது தொழிலாளி அல்லர். தொழிலாளியின் மீது பிறருக்குள்ள உரிமை. தகரச் சீட்டில் பெயரே இல்லை. அதை அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையில் ‘நம் முன்னோரின் அடையாளம்’ என்று வைக்கும்போது, அடையாளத்தை மறுப்பதற்கென்றே செய்த பொருள் அடையாளமாகக் காட்டப்படுகிறது. அப்பொருளைக் காப்பது தேவை என்பதில் ஐயமில்லை. அதை எவர், எதற்காகச் செய்தார் என்னும் விளக்கமின்றிக் காப்பது, கணக்கெழுதியவரின் பார்வையையே காப்பதாக முடியும்.

இலங்கை விடுதலைக்குப்பின் ஆவணம் இம்மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் நீதிபதியாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு அரிதாயிருந்த லயன் வீடுகளில் அச்சான்று எங்கிருந்து வரும்? 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ்ச் சுமார் 8.25 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றோர் சுமார் 1.34 லட்சம் பேரே. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9.75 லட்சம் பேரைக் கணக்கிட்டு, 5.25 லட்சம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது; எஞ்சிய 1.5 லட்சம் பேர் 1974இல் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றபோது, பிறந்த குழந்தைகளையும் சேர்த்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இக்கரைக்கு வந்திருந்தனர்.

எனவே இம்மக்களுக்குத் ‘தாள்’ என்பது பெருமிதத்தோடு பேணும் மரபுப்பொருள் அன்று. தாள் இல்லாமையால் நாடற்றவரானவர்கள் அவர்கள். தாள் கிடைத்தமையால் பிறந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களும் அவர்களே. அவர்களிடம் சென்று ‘உங்கள் ஆவணங்களைத் தாருங்கள், காப்பகத்தில் வைக்கிறோம்’ என்று கேட்கும் ஆய்வாளர், முன்னர் அவ்வாறு கேட்ட அலுவலர்களின் வரிசையில் நிற்கிறார் என்பதை மறத்தலாகாது.

4. திரையில் தோன்றுவதும் தோன்றாததும்

தாளில் இல்லாத முகத்தைத் திரைப்படம் தரும் என்னும் எதிர்பார்ப்பு இயல்பானது. அவ்வெதிர்பார்ப்பை நான்கு படங்களைக் கொண்டு சோதிக்கலாம்.

பாசில் ரைட் இயக்கிய ‘சாங் ஆஃப் சிலோன்’ ஆவணப்பட வரலாற்றில் போற்றப்படும் படைப்பு. 1935இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. இலங்கைத் தேயிலைப் பரப்புரை வாரியத்தின் பொருளுதவியால் எடுக்கப்பட்ட இப்படத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவதான வணிகக் குரல்கள் பற்றிய பகுதியிலேயே தேயிலைத் தோட்டம் இடம்பெறுகிறது. காட்சியில் உழைப்பும் விளைபொருளும் ஓட, ஒலித்தடத்தில் விலை நிலவரமும் கப்பல் செய்தியும் ஒலிக்கின்றன. பின்னணி உரைக்கு எடுத்தாளப்படுவது 1681இல் ராபர்ட் நாக்ஸ் எழுதிய நூல்; அதாவது தோட்டங்களும் தோட்டத் தமிழரும் இல்லாத காலத்தின் நூல். அந்நூலை வாசிக்கும் குரலுக்குக் கீழே இருபதாம் நூற்றாண்டின் கொழுந்து பறிக்கும் பெண்கள் தோன்றும்போது அவர்கள் காலமற்ற இயற்கையின் ஒரு பகுதியாகிவிடுகின்றனர். வணிகத்தின் குரலையும் உழைப்பின் உடலையும் எதிரெதிரே நிறுத்திய ரைட்டின் ஒலித்தொகுப்பு நுண்மையானது. விமரிசனக் கூர்மையும் உடையது. எனினும் அவ்வுடல் எம்மொழி பேசும், எங்கிருந்து வந்தது என்று அது கேட்கவில்லை. தேயிலையின் பணத்தால் பிறந்த படத்தில் தேயிலைத் தொழிலாளி பெயரின்றித் தோன்றுகிறார். தகரச் சீட்டின் தருக்கம் இங்குப் படச்சுருளுக்கு இடம்பெயர்ந்துள்ளது எனலாம்.

கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் மு. கருணாநிதியின் உரையாடலோடு 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’ வேறுவகைப் படம். ரங்கூனில் வாழும் மூன்று சகோதரர்களும் மதுரையில் வாழும் தங்கையும் போரால் சிதறுண்டு மீண்டும் சந்திக்கும் கதை அது. பர்மாவிலிருந்து 1942இல் நடந்தே வந்த அகதிகளின் துயரம் அக்காலப் பார்வையாளர் பலருக்குச் சொந்த நினைவு. படம் அந்நினைவைத் தொட்டுத் தொடங்குகிறது. ஆயினும் அதில் நிலைகொள்வதில்லை. திரும்பி வந்தவனின் கண்ணால் தமிழகத்தின் வறுமையையும் கயமையையும் காட்டுவதே அதன் நோக்கம். அந்நோக்கத்தில் அது பெற்ற வெற்றி ஐயத்துக்கு இடமற்றது. புலம்பெயர்வின் ஆவணமாக நோக்கும்போது, பர்மா கதையின் வாசற்படியாக மட்டுமே பயன்பட்டு விலகிவிடுகிறது. மேலும் அச்சகோதரர்கள் வசதி படைத்த குடும்பத்தினர். ரங்கூன் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்த தமிழ்க் கூலியின் திரும்பல் இக்கதையில் இல்லை.

பாலாவின் ‘பரதேசி’ பால் ஹாரிஸ் டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவலைத் தழுவியது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய அவர் எழுதிய அந்நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் தமிழில் பரவலாக வாசிக்கப்பட்டது. இது கடல் கடந்த புலம்பெயர்வு அன்று, மலையேறிய இடம்பெயர்வு. ஆயினும் ஆள்திரட்டும் முறையும் கங்காணியும் கடனும் ஒன்றே. மேற்கூறிய இரு படங்களிலும் இல்லாத ஒன்று இதில் உண்டு: புறப்படும் ஊர் விரிவாகக் காட்டப்படுகிறது. எனவே ‘ஊர் விடுபடுகிறது’ என்னும் வாதத்துக்கு இப்படம் எதிர்ச்சான்றாகத் தோன்றலாம். நெருங்கி நோக்கினால் அவ்வாறில்லை. படத்தின் ஊர் கள்ளமற்ற, கேலியும் கொண்டாட்டமும் நிறைந்த ஊர். நிலம் எவருடையது, கடன் எவரிடம், நீர் எவர் கையில் என்னும் வினாக்கள் அங்கு வலுவாக எழுவதில்லை. கங்காணி வெளியிலிருந்து வரும் தீமையாகிறார். ஊரே மக்களை வெளியே தள்ளிய வரலாறு மறைந்து, ஊரிலிருந்து மக்கள் ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்ட கதை எஞ்சுகிறது. இரண்டும் நடந்தவையே, பின்னது மட்டும் சொல்லப்படும்போது ஊர் குற்றமற்றதாகிவிடுகிறது. நாவலின் ஆசிரியரே ஒரு மருத்துவச் சாட்சி என்பதை எண்ணும்போது, படத்தில் தோட்ட மருத்துவர் மதம் பரப்பும் கேலிப்பாத்திரமாக்கப்பட்டமை கலைக்குறையோடு ஆவணக்குறையும் ஆகிறது. கதையை உலகுக்குச் சொன்ன கண் அங்கு நகைப்புக்குரியதாகிவிட்டது.

இதனோடு ஒப்பிடத்தக்கது புதுமைப்பித்தன் 1935இல் ‘மணிக்கொடி’யில் எழுதிய ‘துன்பக்கேணி’. திருநெல்வேலிச் சீமையின் சிற்றூரில் தொடங்கி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் அக்கதையில், தோட்டத்தின் கொடுமைக்கு முன்னரே ஊரின் சாதியும் அதிகாரமும் தம் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. 1935ஆம் ஆண்டின் சிறுகதை எட்டிய புரிதலைப் பெருந்திரை எட்டவில்லை.

சுமதி சிவமோகன் இயக்கிய ‘இங்கிருந்து’ மலையகத் தமிழரின் வாழ்வை உள்ளிருந்து நோக்க முயன்ற இலங்கைத் திரைப்படம். நேர்கோட்டுக் கதையை விடுத்துத் துண்டுகளாக அமையும் அதன் வடிவம் பொருளோடு இயைந்தது. துண்டு துண்டாகவே கிடைக்கும் வரலாற்றைத் தடையற்ற கதையாக்குவது பொய்யாகும் என்னும் அறிவு அதில் உண்டு. தலைப்பே ஒரு நிலைப்பாடு. ‘எங்கிருந்து வந்தவர்கள்’ என்னும் பழைய வினாவுக்கு ‘இங்கிருந்து’ என்னும் விடை அது. இக்கட்டுரையின் வாதத்துக்கு வலிமையான மறுப்பும் இத்தலைப்பிலேயே அடங்கியுள்ளது.

5. ஊரைத் தேடுவதன் இடர்

அம்மறுப்பைப் பின்வருமாறு தொகுக்கலாம். மலையகத் தமிழர் இருநூறு ஆண்டுகளாக இலங்கையில் வாழ்பவர்கள். ‘இந்தியத் தமிழர்’ என்னும் அரச வகைப்பாடே அவர்களை அந்நியராக்கியது. ‘கள்ளத்தோணி’ என்னும் வசைச்சொல் அதே கருத்தைத் தெருவில் பேசியது. ‘உன் பூர்வீக ஊர் எது’ என்னும் வினா அவர்களைக் கப்பலேற்றிய வினா. அவ்வினாவை ஆய்வாளர் மீண்டும் எழுப்புவது, நல்ல நோக்கத்தோடேனும், பழைய அரசியலுக்குச் சான்று சேர்ப்பதாகாதா?

இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. இன்றைய மலையக ஆவண முயற்சிகள் தோட்டத்தையே மையமாகக் கொண்டமைக்கு இதுவே நியாயம். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களோடு மலையக இதழ்களையும் துண்டறிக்கைகளையும் எண்ணிமமாக்கி எவரும் படிக்கும்படி வைத்துள்ளது. அதன் ‘ஆவணகம்’ பல்லூடகத் தளம் வாய்மொழி வரலாறுகளையும் பேணுகிறது. கண்டியின் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் கம்பளைப் பகுதியில் ஒரு பழைய லயன் வீட்டையே அருங்காட்சியகமாக்கியது. காட்சிப்பொருளுக்குப் புதுக் கட்டடம் எழுப்பாமல், வாழ்ந்த அறையையே காட்சிப்பொருளாக்கிய இத்தெரிவு பாராட்டத்தக்கது. 2023இல் மலையகம் 200ஐ முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த நடைபயணம், காடு வெட்டிய பழைய வடபாதையில் இறந்தோரைக் காலால் நினைவுகூர்ந்தது. அது நினைவேந்தலோடு நில்லாமல் நிலவுரிமையும் சமத்துவமும் கோரியது. இம்முயற்சிகள் அனைத்தும் ‘நாங்கள் இம்மண்ணினர்’ என்னும் உரிமைக் குரலின் பகுதிகள். அக்குரலுக்குத் தலைமன்னாரே தொடக்கப் புள்ளியாதல் இயல்பு.

ஆயினும், மலையகம் தன் கதையைத் தலைமன்னாரில் தொடங்குவதும், தமிழகம் தன் பங்கை இராமேசுவரத்தில் முடித்துக்கொள்வதும் ஒரே தன்மையன அல்ல. முன்னது உரிமை, பின்னது மறதி. ஊரிலிருந்து கரைவரையிலான பாதியைச் சொல்லவேண்டிய பொறுப்பு மலையக மக்களுடையது அன்று, அனுப்பிவைத்த ஊர்களுடையது. பூர்வீகச் சான்று தேடுவதும் புறப்பாட்டின் வரலாற்றைத் தேடுவதும் வேறு வேறு. முன்னது சென்றவரை விசாரிக்கிறது. பின்னது ஊரை விசாரிக்கிறது. கண்மாய் மடை எவர் கட்டுப்பாட்டில் இருந்தது, பஞ்ச ஆண்டில் எவர் நிலம் எவர் கைக்கு மாறியது, எச்சேரி எப்போது காலியாயிற்று, சென்றவர் அனுப்பிய பணம் என்னவாயிற்று என்னும் வினாக்கள் மலையகத்தவர் எவரையும் அந்நியராக்குவதில்லை. அவை நரிக்குடி போன்ற ஊர்களைத் தம்மைத் தாமே நோக்கச் செய்கின்றன.

இதே காரணத்தால் திரும்பி வந்தோரைக் குறிக்கும் ‘தாயகம் திரும்பியோர்’ என்னும் அரசுச் சொல்லும் மறுபரிசீலனைக்குரியது. அவர்களுள் மிகப் பலர் இலங்கையில் பிறந்தவர்கள். ஒருபோதும் காணாத இடத்துக்கு ஒருவர் திரும்ப இயலாது. நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் நூற்பாலைகளிலும் அவர்கள் குடியமர்த்தப்பட்ட வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. பாட்டன் பெயர் சொல்லி உறவைத் தேடிச் சிற்றூர்களுக்கு வந்தோர், ‘சிலோன்காரர்’ என்று அழைக்கப்பட்டு ஒதுங்கி வாழ்ந்தோர் ஆகியோரின் வரலாறு அவ்வளவு எழுதப்படவில்லை.

6. நரிக்குடியிலிருந்து நோக்கும்போது

இவ்விவாதம் நடைமுறையில் சில விளைவுகளைக் கோருகிறது.

முதலாவது, காப்பகத்தின் அட்டவணை முறை. தோட்டம், ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு தேடும் வசதியோடு, புறப்பட்ட ஊரைக் கொண்டு தேடும் வசதியும் அமையுமாயின் இரு கரைகளின் ஆவணங்கள் ஒன்றையொன்று சந்திக்கும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் வருவாய்த்துறைப் பதிவுகளும் ஜமீன் நிலப் பதிவுகளும், அக்கரையின் தோட்டப் பதிவுகளும் இன்று தனித்தனியே வாசிக்கப்படுகின்றன. ஒன்றில் ‘நிலத்தை விட்டு ஓடினார்’ என்று முடியும் வாழ்வு மற்றொன்றில் ‘பேர் பதிந்தார்’ என்று தொடங்கக்கூடும்.

இரண்டாவது, அத்தகைய இணைப்பின் அபாயம். பழைய பதிவுகளில் ஊரோடு சாதியும் சேர்ந்தே வரும். சாதியை மறைத்தால் ஏன் சென்றனர் என்பது விளங்காது; திறந்துவைத்தால் இன்று வாழும் பேரன் பேத்தியர் காயமுறக்கூடும். ‘எல்லாம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும்’ என்னும் எண்ணிமக் கொள்கை இங்கு அப்படியே பொருந்தாது. தனிநபர் விவரங்களைக் குடும்பத்தாரின் இசைவோடு மட்டும் திறப்பதும், ஆய்வுக்கெனத் தனி அணுகல் வைப்பதும், கொடுத்ததைத் திரும்பப் பெறும் உரிமையைக் கொடுத்தவருக்கு உறுதிசெய்வதும் இன்றியமையாதவை. தாளால் துன்புற்ற சமூகத்துக்கு அத்தாளின்மேல் அதிகாரம் தருவது காப்பகத்தின் முதல் கடமை.

மூன்றாவது, திரைப்படத்தின் பங்கு. முடிக்கப்பட்ட படம் ஒரு வாதம். படத்துக்காக எடுக்கப்பட்டு வெட்டப்பட்ட நேர்காணல் ஓர் ஆவணம். ஒரு மணி நேரப் படத்துக்காகப் பதிவாகும் பல மணி நேரப் பேச்சு, படம் வெளியானதும் வன்தட்டில் கிடந்து அழிவது இன்றைய வழக்கம். ஏ.கே. செட்டியாரின் அனுபவம் இதற்கு எச்சரிக்கை. உலகெங்கும் அலைந்து பிறருடைய படச்சுருள்களைக் காத்தவரின் சொந்தப் படமே நெடுங்காலம் காணாமற்போயிருந்தது. 1953இல் உருவான அதன் ஆங்கில வடிவத்தின் படியொன்றை ஆ. இரா. வேங்கடாசலபதி பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டறிய நேர்ந்தது. காந்தியைப் பற்றிய படத்துக்கே இந்நிலையெனில், திருச்சுழி வட்டத்து முதியவளின் நேர்காணலுக்குத் தானாகப் பாதுகாப்பு அமையும் என்று எண்ண வழியில்லை. நல்கை பெறும் ஒவ்வோர் ஆவணப்படமும் தன் முழுப் பதிவையும் எழுத்துவடிவத்தோடு ஒரு காப்பகத்தில் ஒப்படைக்கவேண்டும் என்பதை நல்கையின் நிபந்தனையாக்கலாம்.

நான்காவது, காலம். 1964இல் இருபது வயதினராயிருந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். கடைசிக் கப்பலில் 1984இல் இளைஞராக வந்தோர்கூட அறுபதைத் தாண்டிவிட்டனர். லயன் வீட்டையும் பிரட்டுக் களத்தையும் மண்டபம் முகாமையும் ஊரின் முதல் வரவேற்பையும் ஒருங்கே நினைவில் வைத்திருக்கும் தலைமுறை இதுவே கடைசி. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் ஆண்டுதோறும் நிகழும் நாட்டார் வழக்காற்றுக் களப்பணிகள் இப்பணியை மேற்கொள்ளப் பெருஞ்செலவு தேவையில்லை. வினாநிரலில் இடம் தேவை.

7. முடிவுரை

காப்பகமும் திரைப்படமும் புலம்பெயர்ந்தோர் வரலாற்றைப் பேணுகின்றன என்பது உண்மை. இரண்டும் தமக்கு முன்பிருந்த அதிகாரத்தின் கண்ணோட்டத்தைச் சேர்த்தே பேணுகின்றன என்பதும் உண்மை. பழைய இராமநாதபுரத்தின் வணிகர் வரலாறு எழுதியவர் கையாலேயே காக்கப்பட்டது. கூலியின் வரலாறு கடன் கொடுத்தவர், தோட்டம் வைத்தவர், குடியுரிமை மறுத்தவர் ஆகியோர் எழுதிய தாள்களில் சிதறிக் கிடக்கிறது. திரைப்படம் அவர்களுக்கு முகம் தந்தது. சில வேளைகளில் முகத்தைத் தந்து பெயரை எடுத்துக்கொண்டது. மலையக மக்கள் தம் வரலாற்றைத் தம் மண்ணிலிருந்து எழுதத் தொடங்கியுள்ளனர். அவ்வரலாற்றில் தமிழகம் செய்யவேண்டிய பங்கு, அவர்களை ‘நம்மவர்’ என்று உரிமை கொண்டாடுவதன்று. அவர்களை அனுப்பிய ஊர்களின் கணக்கை நேர்மையாக எழுதுவது. அக்கணக்கின் பெரும்பகுதி தாளில் இல்லை. நரிக்குடியைச் சுற்றியுள்ள கண்மாய்க்கரைகளிலும், திரும்பி வந்த குடும்பங்களின் இரும்புப் பெட்டிகளிலும், எண்பதைக் கடந்தோரின் பேச்சிலும் அது எஞ்சியிருக்கக்கூடும். அதைத் தேடுவதற்குரிய காலம் பத்தாண்டுகளுக்கு மேல் இல்லை.